சக்கரத்தின் மேல் ஒரு வீடு: கேரவன் கேள்வி–பதில்

பணி ஓய்வுக்குப் பிறகு கேரவனில் ஊர் சுற்றக் கிளம்பும் தம்பதிகளின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எல்லாமே பெங்களூரிலிருந்து வந்தவை. பேட்டரி, பிரேக், பாத்ரூம், மனஸ்தாபம் என்று கேள்விகள் பலவிதம். ஆனால் பல கேள்விகளுக்கு அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான்: ஒரே நாளில் அதிகத் தூரம் ஓட்டுவது. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்பதே நாங்கள் சொல்லும் வரம்பு.

பணிக்கொடைப் பணம் வந்திருக்கிறது. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, தச்சரை வைத்துக் கட்டில், அடுப்படி செய்துகொள்ளலாம் என்கிறான் மகன். செய்யலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அல்சூர்

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து இருவரும் போய்வாருங்கள். முதல் பயணத்துக்கு காட் ரோடு, அதாவது மலைப்பாதை, இல்லாத வழி நல்லது. பெங்களூரிலிருந்து சிரவணபெளகொளா சுமார் 145 கிலோமீட்டர். அங்கிருந்து ஹாசன் 50 கிலோமீட்டர். ஹாசனில் தங்கி பேலூரையும் ஹளேபீடையும் நிதானமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு இரவு தங்குங்கள். சிரவணபெளகொளாவின் விந்தியகிரி மலையில் 600-க்கு மேல் படிகள், செருப்பில்லாமல் ஏற வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்கள் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், கல் சுடாது. இந்த ஒரு வாரத்தில் கட்டில் அகலம் போதுமா, ராத்திரி எழுந்து போக வழி இருக்கிறதா, குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இதை எந்த ஷோரூமிலும் தெரிந்துகொள்ள முடியாது.

மகன் சொல்வதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை அனுமதியின்றி மாற்றக் கூடாது. பயணிகள் வண்டியின் இருக்கையைக் கழற்றிக் கட்டில் போட்டால் அது வேறு வகை வண்டியாகிவிடுகிறது. மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தனித் தரவிதியே உண்டு. ஆர்டிஓ ஒப்புதல் வாங்கி ஆர்சியில் வகையை மாற்றி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்த பிறகுதான் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், விபத்து நேரும்போது இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

அடுத்தது எடை. வீட்டு அலமாரி செய்யும் தச்சர் 18 மில்லிமீட்டர் பிளைவுட்தான் போடுவார். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல். ஆறு பலகை போட்டால் மூன்று ஆட்களை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு போவது போல. பாரம் தாங்காத பலகைகளுக்கு 9 அல்லது 12 மில்லிமீட்டரே போதும். எல்லா வேலையும் முடிந்ததும் தண்ணீர், டீசல், சாமான், ஆட்களோடு எடை மேடைக்குப் போய், முன் சக்கரத்தைத் தனியாகவும் பின் சக்கரத்தைத் தனியாகவும் நிறுத்தி எடை போடுங்கள். ஆர்சியில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் எதையாவது இறக்கியே ஆக வேண்டும்.

150 ஆம்ப்பியர்-மணி டியூபுலர் பேட்டரி இரண்டு, ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி. ராத்திரி முழுக்க ஓடும் என்று சொல்லிப் பொருத்தினார்கள். பத்து மணிக்குப் போட்டால் பன்னிரண்டரைக்கே அணைந்துவிடுகிறது. பேட்டரி கெட்டதா?
– ஓய்வுபெற்ற பொதுத்துறை ஊழியர், ஜீவன்பீமாநகர்

பேட்டரி கெடவில்லை, போட்ட கணக்குதான் தவறு. இரண்டு பேட்டரி, 12 வோல்ட், 150 ஆம்ப்பியர்-மணி: பெருக்கினால் 3,600 வாட்-மணி, அதாவது 3.6 யூனிட். டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகையால் கைக்குக் கிடைப்பது 1.8 யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவது போக சுமார் ஒன்றரை. ஏசி முதல் ஒரு மணி நேரம் 900 வாட் அளவுக்கு இழுக்கும், அறை குளிர்ந்த பிறகு 400, 500-க்கு இறங்கும். ஒன்றரை யூனிட் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் பன்னிரண்டரை மணி சரியாகப் பொருந்துகிறது. தினமும் இப்படி அணையும்வரை இழுத்தால் பேட்டரி உண்மையிலேயே கெட்டுப்போகும். இன்று இரவிலிருந்தே நிறுத்துங்கள்.

எட்டு மணி நேர ஏசிக்கு நான்கு யூனிட் ஆகும் என்று வையுங்கள். அதற்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட், 400 ஆம்ப்பியர்-மணி வேண்டும். அதில் 5 யூனிட் இருக்கும், 80 முதல் 90 சதவீதம்வரை எடுக்கலாம். வாங்கிவிட்டாலும் திரும்ப நிரப்ப வேண்டுமே. கூரையில் 400 வாட் சோலார் பேனல் படுத்த வாக்கில் இருந்தால் நல்ல வெயில் நாளில் 1.2, 1.3 யூனிட் வரும். ஓர் இரவு ஏசிக்கு மூன்று நாள் வெயில்! வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்ப்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக ஏற்றினால் மணிக்கு 0.4 யூனிட், ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு 2 யூனிட். பிஎஸ்6 வண்டிகளில் பலவற்றின் ஆல்டர்னேட்டர் தானே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும் வகை. அவற்றில் வெறும் ரிலே வைத்து இணைத்தால் கேரவனுக்குள் உள்ள இந்தப் பேட்டரி முழுதாக நிரம்பாது.

அதனால் எங்கள் தீர்ப்பு: ஏசியை வெளி மின்சாரம் கிடைக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். பெங்களூர், ஹாசன், சிக்கமகளூர் மேட்டுநிலத்தில் பெரும்பாலான இரவுகளுக்குக் கூரை எக்ஸாஸ்ட் விசிறியே போதும். உடுப்பி, மங்களூர்க் கடற்கரைக்குப் போனால்தான் புழுக்கம். அங்கே பிளக் வசதியுள்ள ஹோம்ஸ்டேயாகப் பிடியுங்கள். ஏசி இல்லாத நாளின் கணக்கைப் பாருங்கள்: 30 வாட் விசிறி இரண்டு எட்டு மணி நேரம், அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. 50 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. விளக்கு, செல்போன், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து 0.2. ஆக 1.1 யூனிட். இப்போதுள்ள பேட்டரியே ஓர் இரவு தாங்கும்.

வெளி மின்சாரம் எடுக்க 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் செம்பு ஒயர் 20 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். உருளையில் சுற்றிய நிலையில் ஏசி போட்டால் ஒயர் சூடேறி உருகும், முழுவதும் பிரித்துப் போட வேண்டும். பிளக்கில் எர்த் இருக்கிறதா என்பதைச் சாக்கெட் டெஸ்டரால் பார்த்த பிறகே செருகுங்கள். வண்டிக்குள், மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப்பியர் ஆர்சிசிபி சுவிட்சு கட்டாயம். உங்கள் வண்டியின் கூடு இரும்பு. கசிவு வந்தால் ஈரக் காலோடு ஏணியில் ஏறுகிறவருக்குத்தான் ஷாக்.

ஒன்றை உடனே பாருங்கள். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். அதைக் கட்டிலுக்கு அடியில் மூடிய பெட்டியில் வைத்திருந்தால், வெளியே போகிற குழாய் ஒன்றை இந்த வாரமே போடச் சொல்லுங்கள்.

சிராடி காட் இறங்கி தர்மஸ்தலா போகும்போது கருகிய வாடை வந்தது. பிறகு பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மெக்கானிக் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார். மறுபடி ஓட்டப் பயமாக இருக்கிறது.
– ராமமூர்த்தி நகர் வாசகர்

பயப்படவேண்டிய விஷயம்தான். 4 டன் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் பிறக்கும் சக்தி 5 யூனிட்டுக்கு மேல். மேலே சொன்ன ஓர் இரவு ஏசியைவிட அதிகமான அந்தச் சக்தி முழுவதும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், நான்கு சக்கரங்களில் சூடாக மாறும்.

பெடல் இரண்டு விதமாக ஏமாற்றும். பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்காவிட்டால், பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பு விட்டுவிட்டது என்று பொருள். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி வந்துவிட்டது. உங்களுக்கு நடந்தது இரண்டாவது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர எண்கள். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியதற்கு 140-தான். டாட் 4-க்கு 230, ஈரத்தோடு 155. வண்டி ஆறியதும் குமிழி மறுபடி நீராகிவிடும், பெடலும் கெட்டியாகிவிடும். மெக்கானிக் பார்க்கும்போது ஒன்றும் தெரியாமல் போனது அதனால்தான்.

பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலிருந்தும் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் சரி. எந்த டாட் எண் என்பது ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளவென்றிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இறங்கும் முறை இது. இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாவது கியருக்கு வாருங்கள். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று லாரிக்காரர்கள் சொல்வது சரியான கணக்கு. எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் வேகத்திலேயே போங்கள். வேகம் கூடினால் பிரேக்கை ஒருதரம் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். பெடல்மேல் லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவதுதான் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. நியூட்ரலில் விடவோ எஞ்சினை அணைக்கவோ கூடாது. எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கூடவே போய்விடும். வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அப்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

தண்ணீர்த் தொட்டியை மலைமேல் நிரப்பாமல் அடிவாரத்தில் நிரப்புங்கள், 100 லிட்டர் என்றால் 100 கிலோ குறைகிறது. தமிழ்நாடு போகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். தர்மபுரியிலிருந்து சேலம் போகையில் வரும் தொப்பூர் கணவாயைப் பார்த்தால் சாதாரண நாலுவழிச் சாலை போலத் தெரியும், ஆனால் நீண்ட இறக்கம். ஊட்டிக்குக் கூடலூர் வழியாகவே போங்கள். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதை கேரவனுக்கு ஆகாது. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதையும், நீலகிரிக்குள் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

கேரவனுக்குள் எப்போதும் ஒரு நாற்றம். தண்ணீரிலும் வாடை. என்ன செய்யலாம்?
– இல்லத்தரசி, பிரேசர் டவுன்

இரண்டும் வேறு வேறு நோய். தண்ணீர் வாடைக்குத் தொட்டியைக் கழுவ வேண்டும். 100 லிட்டர்த் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வாசனை சேர்க்காத 5 சதவீத ப்ளீச் திரவம் 100 மில்லி ஊற்றி, எல்லாக் குழாயையும் அந்த வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். நான்கு மணி நேரம் விட்டு வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை அலசுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், வண்டி நீண்ட நாள் சும்மா நின்ற பிறகும் இதைச் செய்ய வேண்டும்.

வண்டி நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் கழிவறை அல்ல, பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் தொட்டிதான். சாம்பார், எண்ணெய், சோற்றுப் பருக்கை அதில் புளித்துக் கிடக்கும். தட்டை முதலில் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தொட்டியைத் தினமும் வடித்துவிடுங்கள். தொட்டிக்குப் போகும் குழாயில் வளைவு இல்லாமல் நேராகப் போட்டிருந்தால் வாடை மேலே ஏறும். ஒரு எஸ் வளைவு போட்டால் நின்றுவிடும்.

கெமிக்கல் டாய்லெட்டின் 20 லிட்டர்ப் பெட்டி இருவருக்கு இரண்டு அல்லது மூன்று நாளில் நிரம்பும். கழிவறையில் மட்டுமே கொட்ட வேண்டும். ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் கொட்டுவது பெரிய பாவம், கேரவன்காரர்களை எந்த ஊரும் சேர்க்காமல் போவதற்கும் அதுவே வழி.

கணவருக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் என்ன செய்வது?
– ஸ்ரீராமபுரம் வாசகி

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்தும் பேனாவோ குப்பியோ 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான வகைகள் 28 நாள்வரை தாங்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்பது உறையில் அச்சிட்டிருக்கும். ஆக, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ் நின்றால் பதற வேண்டாம். பயப்பட வேண்டியது வெயிலில் நிறுத்திய வண்டியைப் பார்த்துத்தான். உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும், டாஷ்போர்டில் அதற்கும் மேலே. கோயிலுக்குள் போகும்போது மருந்துப் பையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சிறிய கம்ப்ரசர் ஃபிரிட்ஜில் நேர் எதிரான ஆபத்தும் உண்டு. சுவரை ஒட்டி வைத்த இன்சுலின் உறைந்துபோகும். உறைந்தது உருகினாலும் பயன்படாது, தூக்கிப்போட வேண்டும். துணியில் சுற்றி நடுவில் வைத்து, பக்கத்தில் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று போட்டுவையுங்கள். வறண்ட ஊரில் ஈர மணல் சுற்றிய மண்பானையும் கைகொடுக்கும். மங்களூர் போன்ற ஈரக்காற்று ஊரில் அது குளிராது.

மருந்து எல்லாவற்றையும் இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். சிறுநீர் போக இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், பிபி மாத்திரையைத் தள்ளிப்போடுவதும் பயணத்தில் நடக்கிற பெரிய தவறுகள்.

நாற்பது வருடம் நன்றாக இருந்தோம். கேரவனில் ஏறிய மூன்றாம் நாளே சண்டை. ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துகிறார். அவருக்குத்தான் பயணம், எனக்கு அதே சமையல்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மர்பி டவுன்

அம்மா, உங்கள் குறை நியாயமானது. அதைத் தீர்க்கவும் வழி இருக்கிறது.

ரிவர்ஸ் சண்டைக்குக் காரணம் ‘இடது, வலது’ என்ற சொற்கள். யாருக்கு இடது? ‘டிரைவர் சைடு, கிளீனர் சைடு’ என்று மட்டும் சொல்லுங்கள், குழப்பமே வராது. ரிவர்ஸ் எடுக்குமுன் இருவரும் இறங்கி இடத்தைச் சுற்றிப் பாருங்கள். மேலே கிளை, கீழே சாக்கடை மூடி, பின்னால் கம்பம். பிறகு நீங்கள் டிரைவர் சைடு கண்ணாடியில் அவருக்கு முகம் தெரியும்படி நில்லுங்கள். முகம் மறைந்த நொடியே அவர் நிறுத்திவிட வேண்டும். கையைத் தூக்கி உள்ளங்கை காட்டினால் ‘நில்’. கத்தத் தேவையில்லை, செல்போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினால் போதும். வெளிச்சம் இருக்கையில், மாலை நாலு மணிக்குள், இடம் சேர்ந்துவிட்டால் இந்த வேலை பாதியாகக் குறையும். அதற்குத்தான் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்ற வரம்பைச் சொல்கிறோம்.

சமையலுக்கு வருவோம். வண்டி ஓடும் நாளில் மதியச் சாப்பாடு வெளியே. ஒரு வேளைதான் அடுப்பு. காலைக் காபி, தண்ணீர் நிரப்புவது, கழிவுப் பெட்டி, குப்பை நான்கும் அவர் பொறுப்பு. இதை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். இட்லி மாவு எடுத்துப்போனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். வண்டிச் சூட்டில் சீக்கிரம் பொங்கி, குலுக்கலில் அலமாரி முழுக்க வழியும். 1,200 வாட் இண்டக்ஷனில் குக்கர் கால்மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட், பேட்டரி தாங்கும். கேஸ் என்றால் 5 கிலோ சிலிண்டரை நிமிர்த்தி பெல்ட் போட்டுக் கட்டுங்கள், ஓடும்போது ரெகுலேட்டரை மூடுங்கள். எல்பிஜி காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் காற்றுத்துளையும் கேஸ் அலாரமும் தரையோரமாக இருக்க வேண்டும்.

தினம் ஒரு மணி நேரம் இருவரும் தனித்தனியே இருங்கள். அவர் நடக்கப் போகட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள். நான்கு இரவுக்கு ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து வாளி வாளியாக வெந்நீரில் குளியுங்கள். அதை ஊதாரித்தனம் என்று எண்ண வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கும் லைசென்ஸ் இருந்தால் அந்த வண்டியை ஒரு காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள். அவருக்கு நெஞ்சு வலித்தால் வண்டியை ஓரங்கட்டவாவது தெரிய வேண்டும். எஞ்சின், கேஸ், பேட்டரி சுவிட்சு மூன்றையும் அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ், தேசிய நெடுஞ்சாலை உதவி 1033 இரண்டும் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும்.

சுருக்கமாகச் சில

*67 வயது. கார் லைசென்ஸ் போதுமா?* (ஹெப்பால்) மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ், அதாவது கார் லைசென்ஸே போதும். 55 வயதுக்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்று படிவம் 1ஏ தேவை.

*நவம்பரில் பயணம். பென்ஷன் உயிர்வாழ்வுச் சான்று?* (கே.ஆர்.புரம்) ஜீவன் பிரமாண் செயலியில் செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். கிளம்புமுன் வீட்டில் ஒருமுறை செயலியை நிறுவிப் பாருங்கள், நெட்வொர்க் இல்லாத ஊரில் முதன்முதலாகத் தொடங்காதீர்கள்.

*ஃபாஸ்டாக் ஆண்டுப் பாஸ் கேரவனுக்குக் கிடைக்குமா?* (அல்சூர்) அது வாடகைக்கு ஓடாத கார், ஜீப், வேனுக்கு மட்டும். உங்கள் டேக் மினிபஸ் அல்லது சிறு சரக்கு வண்டி வகையில் இருந்தால் கிடைக்காது.

*ராத்திரி யாரும் குழாய் திறக்காமலே தண்ணீர் பம்ப் ‘டுர்’ என்று இரண்டு வினாடி ஓடி நிற்கிறது. பேய் மாதிரி இருக்கிறது.* (சிவாஜி நகர்) எங்கோ சொட்டுச் சொட்டாக அழுத்தம் இறங்குகிறது. இரவு பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லா இணைப்புக்கடியிலும் டிஷ்யூ தாள் வைத்துக் காலையில் எது ஈரம் என்று பாருங்கள். எல்லாம் உலர்ந்திருந்தால் கசிவு பம்பின் உள்ளே உள்ள ஒருவழி வால்வில். பம்ப் தலையைக் கழற்றி அங்கே மாட்டியிருக்கும் மணலை அலசுங்கள். அடுத்து, தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வடிகட்டி போடுங்கள்.